பின்னால் உட்கார்ந்து ஆடினவள்

மனிதர்கள் மேல் அவளுக்குப் பெரிய மதிப்பு கிடையாது. பார்த்த வேலை அப்படி. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத ஒரு நீள அறையில், ஆபரேஷன் முடிந்து திரும்பும் கருவிகளைக் கழுவிக் கிருமி நீக்கி அனுப்பும் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. மேல் மாடிகளில் வெள்ளையும் பச்சையுமாய் மிடுக்காக நடமாடுகிறவர்கள் கீழே அனுப்பும் தட்டுகளில் என்னென்ன கிடக்கும் என்பது அவளுக்குத்தான் தெரியும். கத்தரிகளுக்கு நடுவே பேனா மூடி கிடக்கும். மென்ற சூயிங்கம் தாளில் மடித்துக் கிடக்கும். ஒருமுறை ஒரு மூக்குக்கண்ணாடியே வந்தது. யாருடையது என்று அவள் கேட்டு அலையவில்லை. கத்தரிகளோடு சேர்த்துக் கழுவி, துணியில் சுற்றி, நீராவிப் பெட்டியில் வேகவைத்து, முத்திரையும் ஒட்டி மேலே அனுப்பிவிட்டாள். கண்ணாடி நெளிந்து சுருண்டு போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு அந்த மாடியிலிருந்து கண்ணாடி எதுவும் கீழே வரவில்லை.

ஆஸ்பத்திரியில் அவளைக் கிடுக்கி என்பார்கள். எதைப் பிடித்தாலும் விடமாட்டாள் என்பதால் வந்த பெயர். காதுபடச் சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டாள். "கிடுக்கி உபயோகமான பொருள்தான். உங்களை எந்தப் பொருளோட சேர்க்கறது?" என்று கேட்டுவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

அவள் புருஷன் திரைச்சீலைக் கடையில் விற்பனையாளர். கடைக்கு வருகிறவர்களிடம் பேசிப் பேசி, எதிரில் ஆள் இல்லாதபோதும் வாய் ஓயாத நிலைக்கு வந்துவிட்டவர். காலையில் அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போய் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுத் தன் கடைக்குப் போவார். கல்யாணம் ஆன நாளிலிருந்து நடக்கும் இந்த ஏற்பாட்டை அவர் ஒரு பெரிய தியாகமாகவே எண்ணினார். சொந்தபந்தம் கூடும் இடத்திலெல்லாம், "இருபத்திரெண்டு வருஷமா இவளுக்கு டிரைவர் வேலை பார்க்கறேன், ஒரு நாள் லீவு உண்டா கேளுங்க" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். கிடுக்கி சிரிக்கமாட்டாள். ஒரே நகைச்சுவையை எத்தனை வருஷம் கழுவிக் கழுவி உபயோகிப்பது என்று அவளுக்குத் தோன்றும்.

அவர் வண்டி ஓட்டும் அழகே தனி. ஹெல்மெட் முழங்கையில் தொங்கும். கால்களில் ரப்பர் செருப்பு. இடது கை பாதி நேரம் ஹேண்டிலில் இருக்காது, பேச்சுக்கு அபிநயம் பிடித்துக்கொண்டிருக்கும். கதை சுவையான கட்டத்துக்கு வந்துவிட்டால் தலை முழுதாகப் பின்னால் திரும்பிவிடும். கேட்கிறவள் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டாமா? "முன்னாடி பாருங்க" என்பதுதான் அந்தத் தாம்பத்தியத்தில் அவள் அதிகமாகச் சொன்ன வாக்கியம். அவர் அதைத் தன் பேச்சுக்கு நடுவே போடும் ஒரு 'உம்' என்றே எடுத்துக்கொண்டார்.

அவர்கள் போகும் வழியில் ஒரு வளைவு. வளைவில் வண்டிகள் கழுவும் கடை. அங்கிருந்து சோப்புத் தண்ணீர் எப்போதும் சாலையில் வழிந்துகொண்டிருக்கும். அன்று காலை அவர் முந்தின நாள் கடைக்கு வந்த ஓர் அம்மாளைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். நீலத் திரைதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவளைப் பேசியே பழுப்புக்கு மாற்றிய கதை. அந்த அம்மாள் மனம் மாறிய இடம் வந்ததும் தலை திரும்பியது. மறுபடி அவர் முன்னால் பார்த்தபோது வளைவு மூக்குக்கு நேரே வந்துவிட்டது. பதறிப்போய் முன்பிரேக்கை இறுக்கிப் பிடித்தார். சக்கரம் சோப்புத் தண்ணீரில் வழுக்கிக்கொண்டு போயிற்று. வண்டி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். அவள் நடைபாதையின் ஓரக்கல்லில் தோள்பட்டை மோத விழுந்தாள். காறை எலும்பு முறிந்துவிட்டது.

அவள் தரையில் கிடந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தபோது அவர் எழுந்து வந்து சொன்ன முதல் வார்த்தை, "நீ ஏன் பின்னாடி ஆடினே?"

வலியில் தனக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்றுதான் அவள் நினைத்தாள். அவரோ அதற்குள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தார். "ஒண்ணுமில்லீங்க, பின்னாடி கொஞ்சம் ஆடிட்டாங்க, அதான் பேலன்ஸ் போயிடுச்சு."

அந்த ஒரு வாக்கியம் ஆறு வாரத்தில் ஊர் முழுக்கப் பரவியது. அவள் கையைத் தொட்டிலில் போட்டதுபோல் கழுத்தோடு கட்டிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தாள். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் பழங்களோடு ஓர் அறிவுரையும் கொண்டுவந்தார்கள். வண்டியில் பின்னால் உட்காருகிறவர்கள் எப்படி உட்கார வேண்டும் என்று அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. அவருக்கு முழங்கையில் வெறும் சிராய்ப்பு. அதற்கு அவளுடையதைவிடப் பெரிய கட்டாகப் போட்டுக்கொண்டு, வந்தவர்களுக்கு வாசலிலேயே காட்டினார். அவருடைய அக்கா, அதாவது கிடுக்கியின் நாத்தனார், கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினாள்.

"வண்டியில ஏறினா மூட்டை மாதிரி கம்முனு இருக்கணும்மா. நீ எதுக்கு ஆடறே? தம்பி கை நல்லா பழகின கை. அவன் ஓட்டி யாராவது விழுந்து பார்த்திருக்கியா?"

"நான் விழுந்திருக்கேனே அண்ணி."

"அதான் சொல்றேன், நீ ஆடினதால."

கிடுக்கி வாயை மூடிக்கொண்டாள். ஆடவில்லை என்பது அவளுக்கு நிச்சயம். ஆனால் வண்டியைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. பின்னால் இருக்கிறவள் ஆடினால் விழுமா, எவ்வளவு ஆடினால் விழும், எதுவும் தெரியாது. தெரியாத விஷயத்தில் வாய் கொடுக்கும் வழக்கம் அவளுக்கு இல்லை. அதெல்லாம் அவர் குடும்பத்து வழக்கம்.

கட்டுப் பிரித்து எலும்பு நன்றாகக் கூடிவிட்டது என்று டாக்டர் சொன்ன கொஞ்ச நாளில், ஆஸ்பத்திரி லிஃப்டுக்குள் ஒட்டியிருந்த ஒரு விளம்பரம் அவள் கண்ணில் பட்டது. மோட்டார் சைக்கிள் பாதுகாப்புப் பயிற்சி, புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு, சனிக்கிழமைகளில். அன்று மத்தியானமே போன் செய்து பெயரைக் கொடுத்துவிட்டாள்.

வீட்டில் சொன்னதும் அவர் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். "உனக்கு எதுக்கு அது? சைக்கிள் விட்டே எத்தனை வருஷம் ஆச்சு. கத்துக்கணும்னா என்கிட்ட கேட்டா நான் சொல்லித் தரமாட்டேனா?"

"உங்ககிட்ட கத்துக்கத்தான் பயமா இருக்கு" என்றாள்.

காலேஜில் படிக்கும் மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "போகட்டும்பா" என்றாள். அவர்கள் வீட்டில் ஒரு விவாதத்தில் அந்தப் பெண் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

பயிற்சி, பூட்டிக் கிடந்த ஒரு மரச்சாமான் கிடங்குக்குப் பின்னால் இருந்த சிமெண்டுத் தரையில் நடந்தது. விரிசல்களில் புல் முளைத்திருந்தது. ஓரத்தில் ஒரு தகர அறையும் அதற்குள் பிளாஸ்டிக் நாற்காலிகளும் இருந்தன. சொல்லிக்கொடுக்க வந்தவளைப் பார்த்ததும் கிடுக்கிக்குச் சப்பென்று ஆகிவிட்டது. முப்பதுகூட இருக்காது. ஒட்ட வெட்டிய தலைமுடி, வெயிலில் கருத்த முன்கைகள், முகத்தில் மருந்துக்கும் சிரிப்பு இல்லை. எல்லோருக்கும் எண் போட்ட மஞ்சள் மேல்சட்டை ஒன்றைத் தூக்கிப் போட்டாள். கிடுக்கிக்குக் கிடைத்தது நாலாம் நம்பர்.

மற்றவர்களைக் கிடுக்கி ஒரு சுற்றுப் பார்த்தாள். பேக்கரியில் வேலை பார்க்கும் ஒரு சின்னப் பெண், விரல் இடுக்கில் மாவு காய்ந்திருந்தது. அடுத்து ஒரு வங்கிக்காரர். பளபளக்கும் தோல் மேல்சட்டை, முட்டிக்குக் கவசம், மார்புக்குக் கவசம், கையில் விலைச்சீட்டுகூட முழுதாகக் கிழிக்காத கையுறை. போருக்குக் கிளம்பியவர் வழிதவறி இங்கே வந்துவிட்டாரோ என்று கிடுக்கி நினைத்தாள். இன்னும் இரண்டு மூன்று பேர், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

"இங்க யாருக்கெல்லாம் வண்டி ஓட்டத் தெரியும்?" என்று டீச்சர் கேட்டாள்.

வங்கிக்காரர் கவசம் கிரீச்சிடக் கையைத் தூக்கினார்.

"கையை இறக்குங்க. தெரிஞ்சா இங்க வந்திருக்கமாட்டீங்க."

கிடுக்கிக்கு டீச்சரைப் பிடித்துப்போய்விட்டது.

அந்தப் பிடித்தம் மத்தியானம் வரைதான் தாங்கியது. முதலில் எஞ்சினை அணைத்து வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கச் சொன்னாள். இத்தனை வருஷம் இதன்மேல்தான் உட்கார்ந்து போனோமா என்று கிடுக்கி மலைத்துப்போனாள். எருமை மாதிரி கனத்தது. அப்புறம் கிளட்சை மெதுவாக விட்டு, வண்டி முன்னால் போக ஆசைப்படும் இடம் எது என்று கண்டுபிடிக்கச் சொன்னாள். பேக்கரிப் பெண் உடனே கண்டுபிடித்தாள். வங்கிக்காரரும் கண்டுபிடித்துவிட்டார். நாலாம் நம்பர் வண்டி மட்டும் ஒரு குதி குதித்து அணைந்தது. மறுபடி குதித்து அணைந்தது. மற்றவர்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். மூக்குக்கண்ணாடியை வேகவைத்தவளுக்கு அன்றைக்குத்தான், பார்க்கப்படுவது எப்படி இருக்கும் என்று தெரிந்தது.

கடைசியில் வண்டி நகர்ந்தது. நகர்ந்த சந்தோஷத்தில் அவள் நிமிர்ந்து பார்த்தாள். சிமெண்டுத் தரையின் கோடியில் ஒரே ஒரு விளக்குக் கம்பம். அவ்வளவு பெரிய வெட்டவெளியில் மோதுவதற்கென்று இருந்த ஒரே பொருள் அதுதான். அதில் மோதக்கூடாது என்று எண்ணிக்கொண்டே அவள் அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே போய் மோதினாள்.

வேகம் ஒன்றும் இல்லாததால் அடியும் பெரிதாக இல்லை. வண்டி சாய, அவளும் மெள்ளச் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். டீச்சர் ஓடியெல்லாம் வரவில்லை. நடந்து வந்தாள்.

"அடி பட்டுச்சா?"

"இல்ல."

"கம்பத்தைப் பார்த்தீங்க, கம்பத்துக்குப் போனீங்க. கண்ணு எங்க போகுதோ அங்கதான் வண்டி போகும். வண்டி மேல ஒரு தப்பும் இல்ல, நாலாம் நம்பர். எந்திரிங்க."

வண்டியைத் தூக்கி நிறுத்தியவர் வங்கிக்காரர். கவசமெல்லாம் சத்தம் போட, முகத்தில் உண்மையான கவலையோடு ஓடிவந்து தூக்கிக் கொடுத்தார். விழுந்ததைவிட அதுதான் கிடுக்கிக்கு வலித்தது.

அன்று சாயங்காலம் முட்டியைத் தேய்த்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தவளைப் புருஷன் மேலும் கீழும் பார்த்தார். அவர் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆயிற்று.

"என்ன, விழுந்தியா?"

அவள் பையை ஆணியில் மாட்டினாள்.

"பின்னாடி யாராவது ஆடினாங்களா?"

அவருக்கே தான் சொன்னது மிகவும் பிடித்துப்போய்விட்டது. சமையலறை வரை பின்னாலேயே வந்து இன்னொருமுறை சொன்னார். போனில் அக்காவிடம் ஒருமுறை சொன்னார். கிடுக்கி முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டாள். அடுத்த சனிக்கிழமை போகவேண்டாம் என்றே தீர்மானித்துவிட்டாள். இந்த வயதில் பேக்கரிப் பெண்ணோடு போட்டி போட்டு என்ன ஆகப்போகிறது?

அந்தத் தீர்மானத்தைக் கெடுத்தது நாத்தனார்தான். வியாழக்கிழமை போனில் கூப்பிட்டாள்.

"விழுந்தியாமே. நான் அப்பவே நினைச்சேன். உனக்கு இதெல்லாம் வேண்டாத வேலை. தம்பி பாவம், உன்னை எப்படித்தான் பின்னாடி வச்சுக்கிட்டு இத்தனை வருஷம் ஓட்டினானோ."

"சரி அண்ணி" என்று போனை வைத்தாள். சனிக்கிழமை விடிந்ததும் முட்டிக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு முதல் ஆளாகப் போய் நின்றாள்.

அதற்கப்புறம் அவள் ஆஸ்பத்திரி வேலையைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தாள். எது எங்கே எதற்கு இருக்கிறது, எதை எப்போது தொட வேண்டும், எப்போது தொடவே கூடாது. தரையில் வரிசையாக நிறுத்திய பிளாஸ்டிக் கூம்புகளுக்கு நடுவே நெளிந்து போனாள். குறுகலான கட்டத்துக்குள் வட்டமடித்துத் திரும்பினாள். டீச்சர் கையைக் காட்டிய நொடியில் இரண்டு பிரேக்கையும் அளவாகப் பிடித்து நின்றாள். நின்றுவிட்டு, சபாஷ் எதுவும் வருகிறதா என்று ஓரக்கண்ணால் பார்ப்பாள். "ம், அடுத்தவங்க" என்பதோடு சரி.

எலும்பு கூடிய பிறகு அவள் பஸ்ஸில்தான் வேலைக்குப் போனாள். அதில் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பாள். பார்க்கப் பார்க்க எரிச்சல் வரும். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் சொருகிக்கொண்டு ஒருவன் போவான். குழந்தையை மடியில் நிறுத்தி அதன் தலைக்கு மேலால் சாலையைப் பார்த்துக்கொண்டு ஒருத்தி போவாள். லாரியின் பக்கவாட்டில், அதன் டிரைவருக்குத் தெரியவே தெரியாத இடத்தில், சாவகாசமாக ஒட்டிக்கொண்டு ஒரு பெரியவர் போவார். எல்லோர் முகத்திலும் தன் புருஷன் முகத்தில் இருக்கும் அதே நிம்மதி. இவர்களில் யார் யாருக்காகத் தான் எலும்பு வெட்டும் கருவித் தட்டைத் தயார் செய்ய வேண்டியிருக்கும் என்று ஆள் பொறுக்கிக்கொண்டே வருவாள்.

வளைவில் ஓட்டும் பாடம் மூன்றாம் சனிக்கிழமை வந்தது. டீச்சர் சுண்ணாம்பால் தரையில் பெரிய வில் போட்டாள்.

"வேகத்தை வளைவுக்கு முன்னாடியே குறைச்சுடணும். உள்ள போனப்புறம் பிரேக்கைப் பிடிச்சு இறுக்கக்கூடாது, முக்கியமா முன்பிரேக். வளைவு முடியற இடத்தைப் பாருங்க. பக்கத்துல யார் இருக்காங்கன்னு பார்க்காதீங்க."

இடைவேளையில் மற்றவர்கள் தண்ணீர் குடிக்கப் போனதும் கிடுக்கி டீச்சரிடம் போய் நின்றாள். வளைவு, சோப்புத் தண்ணீர், திரும்பிய தலை, நீலத்திலிருந்து பழுப்பு, பிரேக், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லிவிட்டு, "பின்னாடி உக்காந்திருக்கறவங்க ஆடினா வண்டி விழுமா?" என்று கேட்டாள்.

டீச்சர் தண்ணீர்ப் புட்டியை மூடினாள். "ஆடினா வண்டி கொஞ்சம் அலையும். ஓட்டறவர் முன்னாடி பார்த்துட்டு இருந்தா சமாளிச்சுடலாம். அவர் பின்னாடி பார்த்துட்டு இருந்தாருன்னு சொல்றீங்க. ஈரத்துல, வளைவுல, முன்பிரேக்கை இறுக்கினா நான் ஓட்டினாலும் விழும்."

"அப்ப நான் ஆடலை."

"நீங்க ஆடினீங்களா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் உங்க பின்னாடியா உக்காந்திருந்தேன்?" என்று சொல்லிவிட்டு டீச்சர் விசிலை ஊதினாள்.

இப்படி ஒரு பெண்ணைத் தன் பிரிவில் வேலைக்கு வைத்துக்கொண்டால் ஆஸ்பத்திரியே உருப்பட்டுவிடும் என்று கிடுக்கிக்குத் தோன்றியது. கூடவே எரிச்சலாகவும் இருந்தது.

கடைசிச் சனிக்கிழமை பரீட்சை. பேக்கரிப் பெண் தண்ணீர் ஓடுவதுபோல் ஓட்டிவிட்டு வந்தாள். வங்கிக்காரர் திடீரென்று நிற்கும் இடத்தில் நிற்காமல், மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கூம்புகளுக்குள் புகுந்தார். அவரை அடுத்த மாதம் வரச்சொல்லிவிட்டார்கள். கிடுக்கி ஒரு கூம்பை மட்டும் தட்டிவிட்டாள்.

"பாஸ்" என்றாள் டீச்சர். "பெருமைப்பட ஒண்ணும் இல்ல. இன்னிக்கு நீங்க ஆரம்பிக்கிறீங்க, அவ்வளவுதான்."

அதற்கப்புறம் உரிமமும் வாங்கினாள். காலை நேரங்களில் வீட்டுத் தெருவையே சுற்றிச்சுற்றிப் பல வாரம் பழகினாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை புருஷனை எழுப்பினாள்.

"ஒரு இடத்துக்குப் போகணும், வாங்க."

அவர் வழக்கம்போல் சாவிக்குக் கையை நீட்டினார். அவள் அவர் கையில் ஹெல்மெட்டை வைத்துவிட்டு முன்னால் ஏறி உட்கார்ந்தாள். அவர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். பால் வாங்கப் போன ஒருத்தியைத் தவிர யாரும் இல்லை. மாடி ஜன்னலில் மகள் மட்டும் பல் துலக்கிக்கொண்டே வேடிக்கை பார்த்தாள். வேறு வழியில்லாமல் பின்னால் ஏறினார்.

அந்த வளைவுக்கு முன்னால் வண்டியை ஓரமாக நிறுத்தினாள். கழுவும் கடைக்கு ஞாயிறு விடுமுறை. சாலை காய்ந்து கிடந்தது. ஓர் ஈ காக்கை இல்லை.

"இப்ப இந்த வளைவுல மெதுவாத்தான் போகப்போறேன். அன்னிக்கு நான் ஆடினதா சொன்னீங்களே, அந்த மாதிரி ஆடுங்க."

"பைத்தியமா உனக்கு?"

"ஆடுங்க. விழறோமா பார்ப்போம்."

அவர் சாலையைப் பார்த்தார். "அன்னிக்குத் தண்ணி இருந்துச்சு" என்றார்.

"தண்ணி இருந்துச்சுன்னு உங்க அக்காகிட்ட சொன்னீங்களா?"

 அவள் வண்டியைக் கிளப்பினாள். முதல் சுற்றில் அவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு உறைந்துபோய் உட்கார்ந்திருந்தார். கூடிய எலும்பின் மேல் அவர் விரல்கள் அழுந்தின. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து, "ஆடலையே" என்றாள். இரண்டாம் சுற்றில் அவர் இடுப்பை லேசாக அசைத்தார், பஸ்ஸில் பக்கத்து ஆளுக்கு இடம் விடுவதுபோல. மூன்றாம் சுற்றில், "இவ்வளவுதானா? எலும்பு உடையற அளவுக்கு ஆடுங்க" என்றாள். அவருக்கும் கோபம் வந்துவிட்டது. வலமும் இடமுமாக நன்றாகவே ஆடினார். வண்டி ஒரு தடவை அலைந்தது.  ஆனால் கண்ணை வளைவின் கோடியிலிருந்து எடுக்கவில்லை. வண்டி நிமிர்ந்து நேரே போயிற்று. டீச்சர் பார்த்திருந்தால் பாஸ் போட்டதைத் திரும்பப் பிடுங்கியிருப்பாள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள். அவர் ஹெல்மெட்டைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். 

"நீ அன்னிக்கு இதைவிட ஜாஸ்தி ஆடினே" என்றார்.

கிடுக்கி அவரையே பார்த்தாள். இருபத்திரெண்டு வருஷம் பின்னாலிருந்து அவள் அதிகமும் சட்டைக் காலரையே பார்த்துவந்த மனிதரின் முகம். அதில் ஒரு குறும்பு இல்லை, பொய் சொல்லும் கூச்சம் இல்லை. அவர் அதை நம்பினார். நீலத்தைப் பழுப்பாக்குகிறவர் முதலில் தன்னைத்தான் பேசி மாற்றிக்கொள்கிறார் என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. இந்த ஆளிடம் ஜெயிக்க முடியாது. ஜெயித்தால்கூட அவருக்குத் தெரியாது. இப்படிப்பட்ட ஒருவரோடா இத்தனை நாள் வழக்காடினோம் என்று தன்மேலேயே அவளுக்கு ஓர் இளப்பம் வந்தது. அதோடு மனசும் லேசாகிவிட்டது.

மறுநாளிலிருந்து அவளே வண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். கடை பக்கம்தான், நடந்தால் உடம்புக்கு நல்லது என்று அவர் எல்லோரிடமும் சொன்னார்.

சில மாதங்கள் கழித்து நாத்தனார் வீட்டில் ஒரு மத்தியானச் சாப்பாடு. அவள் புருஷன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதற்காகச் சொந்தக்காரர்கள் எல்லோரையும் அழைத்திருந்தார்கள். கிடுக்கி வண்டியை வாசலில் நிறுத்துவதைக் கூடத்தில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். பின்னாலிருந்து இறங்கியவர் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"எல்லாம் நான் சொல்லிக் கொடுத்ததுதான். அந்தப் பயிற்சியில என்ன சொல்லித் தர்றாங்க, சும்மா கூம்பைச் சுத்த விடறாங்க. வளைவுல எப்படிப் போகணும்னு நான்தான் பின்னாடி உக்காந்து காட்டிக் கொடுத்தேன். மூணு தடவை, ஒரே வளைவுல."

"கேட்டியா, தம்பி பொறுமையை" என்றாள் நாத்தனார்.

மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கிடுக்கி உள்ளே போய்ச் சமையலறையில் கோப்பைகளைக் கழுவ ஆரம்பித்தாள். அந்த வீட்டில் கோப்பைகளின் அடியில் எப்போதும் ஒரு கறை இருக்கும்.

கொஞ்ச நேரத்தில் நாத்தனார் வந்து கதவோரம் நின்றாள். கூடத்துப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நீ போனியே ஒரு இடம், அது எங்க இருக்கு?"

"யாருக்கு அண்ணி?"

"மருமகளுக்குத்தான். கேட்டுக்கிட்டே இருக்கா."

தட்டுகளோடு அந்த நேரம் உள்ளே வந்த மருமகள், "எனக்கா அத்தை? நான்தான் காலேஜ் நாள்லேருந்தே ஓட்டறேனே" என்று சொல்லிவிட்டுத் தட்டுகளை வைத்துவிட்டுப் போனாள்.

நாத்தனார் உள்ளே வந்து ஒரு துணியை எடுத்து, கழுவின கோப்பை ஒன்றைத் துடைத்தாள், துடைத்ததையே மறுபடி துடைத்தாள். கிடுக்கி அவளை அவசரப்படுத்தவில்லை. ஒரு நல்ல வார்த்தை சொல்லி உதவவும் இல்லை.

"ரிடையர் ஆனப்புறம் இவர் வீட்டை விட்டு நகரவே மாட்டேங்கறார்" என்றாள் நாத்தனார் கடைசியில். "எங்கேயாவது போகணும்னா இவர் மனசு வைக்கணும். அதான். அங்க திட்டுவாங்களா?"

"திட்டுவாங்க."

"எல்லார் முன்னாடியுமா?"

"எல்லார் முன்னாடியும்தான். மூடின ஷூ போட்டுக்கிட்டுப் போங்க."

"தம்பிகிட்ட சொல்லிடாதே."

"உங்க தம்பிகிட்ட நான் எதைச் சொல்லியிருக்கேன் அண்ணி? அவர்தான் எனக்குச் சொல்லுவார்."

அடுத்த மாதம் நாத்தனார் பயிற்சியில் சேர்ந்தாள். முதல் சனிக்கிழமை மத்தியானம் கிடுக்கி அடித்தளத்து அறையில் வேலையில் இருந்தபோது போன் வந்தது. டீச்சர் பெரியவர்களை மதிக்கத் தெரியாதவள், வண்டி பழசு, ஷூ கடிக்கிறது, இன்னும் பாஸ் ஆகாத, கவசம் போட்ட ஒரு மனுஷர் ஓடிவந்து தூக்கிவிட்டதுதான் மிச்சம் என்று நாத்தனார் ஒரு மூச்சில் ஆரம்பித்தாள். கிடுக்கி போனைத் துணி மடிக்கும் மேஜைமேல் வைத்து, ஒலியைக் கூட்டிவிட்டு, கத்தரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து விளக்கடியில் பார்க்கத் தொடங்கினாள். நடுநடுவே, "ம்" என்றாள்.